பழைய காரில் கியர் சத்தமா? பெட்டியைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கார் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: "கியர்பாக்ஸ் போயிடுச்சு, இறக்கணும்." சொன்னவர் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். கேட்டவருக்கு வயிற்றைக் கலக்கும். அவசரப்பட வேண்டாம். கியர்பாக்ஸின் மேல் சுமத்தப்படும் புகார்களில் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்து வருபவை. கிளட்ச், கியர் கம்பியின் புஷ், இன்ஜின் மவுன்டிங் ரப்பர், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டின் கிராஸ் ஜாயின்ட் (சிலுவை வடிவ மூட்டு), சில நேரம் டயர்கூட.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. பத்மினி அதற்குச் சுமார் பதினான்கு ஆண்டுகள் முன்பே நின்றது. 1961-ல் நம் சென்னையிலேயே தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று அரை நூற்றாண்டு ஆகிறது. இந்த வண்டிகளின் கியர்பாக்ஸைத் தேவையில்லாமல் பிரித்தால், உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான்களின் பொருத்தமும் கலைந்துவிடும். ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதே பல் எண்ணிக்கையில் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். ஆகவே முதலில் சோதனை, ஸ்பேனர் அப்புறம்.

கீழே சொல்லும் எல்லாமே பின்சக்கரம் இழுக்கும், நான்கு கியர் கொண்ட பழைய வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு டார்ச், உதவிக்கு ஒரு ஆள், காலை நேரத்துக் காலிச் சாலை, இவை போதும்.

சக்தி போகும் வழி

இன்ஜினின் பின்னால் ஃப்ளைவீல். அதோடு ஒட்டிச் சுழல்வது கிளட்ச் பிளேட். பிளேட்டின் நடுவில் நுழைந்திருப்பது கியர்பாக்ஸின் முன் தண்டு. பெட்டிக்குள் அது கீழே இருக்கும் துணைத் தண்டைச் சுழற்றும், துணைத் தண்டு மேலே உள்ள பிரதான தண்டைச் சுழற்றும். அங்கிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டு வண்டியின் அடியில் பின்னோக்கி ஓடி, பின் ஹவுசிங் என்கிற கூட்டுக்குள் டிஃபரன்ஷியலோடு இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியைத் திருப்பி, ஆக்ஸில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள், பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிடும்.

ஒன்று, நான்காவது கியர் நேர் இணைப்பு. முன் தண்டும் பிரதான தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். துணைத் தண்டு சும்மா சுற்றும், சுமை எடுக்காது. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றில் கேட்டு நான்கில் அடங்கிப்போகும் சத்தம் துணைத் தண்டையும் அதன் பேரிங்கையும் சுட்டிக்காட்டும்.

இரண்டு, அந்தக் கால அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு பெட்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் அரைக்காமல் விழ இரு பக்கச் சுழற்சியையும் ஒன்றாக்கும் வளைய அமைப்பு, கிடையாது. இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டுமே உண்டு. ரிவர்ஸுக்கும் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் 'கர்ர்' என்று அரைக்கத்தான் செய்யும். அது பழுதில்லை, அந்த வண்டியின் இயல்பு. இன்றைய காரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துபோய் மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். வண்டி முழுதாக நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள். உருளும்போது போட்டே ஆக வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் பழகிக்கொள்ளுங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ரேஸ், மறுபடி மிதித்து கியர். இந்தப் பழக்கம் ஓட்டுவதற்கு மட்டுமில்லை, பின்னால் ஒரு முக்கியமான சோதனைக்கும் உதவும்.

ஓட்டுவதற்கு முன்

வண்டி குளிர்ந்து, சமதளத்தில் நிற்கும்போது தொடங்குங்கள். கியர்பாக்ஸ் ஆயில் மட்டம், பின் ஹவுசிங் ஆயில் மட்டம் இரண்டையும் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் சத்தத்துக்கு வேறு காரணம் தேடுவதற்கு முன் நிரப்புங்கள், கசிவு எங்கே என்று பாருங்கள். எந்த ஆயில் என்பதற்கு வண்டியின் கையேடுதான் கடைசி வார்த்தை. பொதுவாக ஒன்று சொல்லலாம்: பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பழைய கியர்பாக்ஸில் ஜிஎல்-5 வகை ஆயிலை (டப்பாவில் போட்டிருக்கும் தரக் குறியீடு) ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையோடு ஒத்துப்போகாது. வழுக்கலும் கூடிவிடுவதால் சிங்க்ரோ வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. கையேடு கியர் ஆயில் கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-4 போதும். பின் ஹவுசிங்கில் உள்ள கிரவுன் பினியன் ஹைபாய்டு வகை (பினியன் நடுவிலிருந்து தள்ளிப் பொருந்துவது) என்றால் அங்கே கடினமான அழுத்தம் தாங்கும் இபி 90 வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. உங்கள் வண்டிக்கு அதைச் செய்ய விடாதீர்கள்.

ஆயிலை மாற்றுவதாக இருந்தால் பழைய ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளை வேட்டித் துணியில் வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் அது வருடக்கணக்கான தேய்மானம், கவலை வேண்டாம். தங்க நிறத்தில் மினுமினுத்தால் சிங்க்ரோ வளையமோ வேறு பித்தளைப் பாகமோ தேய்கிறது. நகத்தில் உறுத்தும் இரும்புச் சில்லு வந்தால் மட்டும் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பிறகு மவுன்டிங். பானெட்டைத் திறந்து வைத்து, உதவிக்கு வந்தவரை கை பிரேக்கோடு கால் பிரேக்கையும் அழுத்தச் சொல்லி, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு இன்ஜின் திணறும் இடம் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ரப்பர் செத்துவிட்டது. சென்னை வெயிலில், அதுவும் ஆயில் சொட்டும் வண்டியில், இந்த ரப்பர் வெகு சீக்கிரம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். கிளம்பும்போது நடுக்கம், கியர் தானாக வெளியே வருவது, 'டொக்' என்ற அடி, இந்த மூன்றுமே மவுன்டிங்கிலிருந்து வரலாம். கியர்பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை.

ஸ்டியரிங்கிலேயே கியர் கம்பு உள்ள வண்டி என்றால் இணைப்புக் கம்பிகளையும் அவற்றின் புஷ்களையும் அவசியம் பாருங்கள். பத்மினிக்கும் பழைய அம்பாசடருக்கும் இது பெரிய விஷயம். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் உள்ளே கியர் போட, நீங்கள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் அந்தக் கம்பி பூட்டியிருக்கும் லீவர் கையைப் பாருங்கள். அவர் போட்டு முடித்த பிறகு அந்தக் கையை நீங்கள் விரலால் இன்னும் கொஞ்சம் தள்ள முடிகிறதா? முடிந்தால் கியர் உள்ளே முழுதாக விழவே இல்லை. புஷ் தேய்ந்து, கம்பை இழுத்த தூரம் பெட்டிக்கு வந்து சேரவில்லை. அரைகுறையாக விழுந்த கியர் ஓடும்போது வெளியே வரத்தான் செய்யும். "மூணாவது கியர் நிக்கல" என்று இறக்கப்பட்ட பெட்டிகளில் சில, இந்தச் சோதனையைச் செய்திருந்தால் இறங்கியிருக்கவே தேவையில்லை.

நின்ற இடத்தில் கிளட்ச்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விடுங்கள். பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் கேளுங்கள். அப்புறம் பெடலை அரை அங்குலம் மட்டும் அழுத்துங்கள். அப்புறம் முழுதாக.

பெடல் மேலே இருக்கும்போது கேட்டு, முழுதாக மிதித்ததும் நின்றுபோகும் சத்தம் கியர்பாக்ஸின் முன் பேரிங்கோ துணைத் தண்டோதான். கிளட்ச் மிதித்தால் பெட்டிக்குள் சுழற்சி நின்றுவிடுகிறது, அதனால் சத்தமும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, மிதித்தால் சத்தம் தொடங்கினால் அது ரிலீஸ் பேரிங், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் பேரிங். சில பழைய வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் கார்பன் வளையம் இருக்கும். அது தேய்ந்து உலோகம் உலோகத்தில் உரசும்போது சீறுகிற மாதிரி சத்தம் வரும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிளட்ச் பெடலில் காலை வைத்திருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மவுன்ட் ரோடு நெரிசலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கிளட்ச் முழுதாகப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் இருக்க, பெடலை முழுதாக மிதித்துப் பத்து நொடி காத்திருங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகப் பிரிகிறது. பத்து நொடி கழித்தும் அரைத்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது. இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு அதே ரிவர்ஸைப் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் தகராறு என்றால் கோளாறு கிளட்சில். அணைத்தாலும் முரண்டு பிடித்தால் கம்பி இணைப்பிலோ பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க்கிலோ.

கிளட்ச் பிரியவில்லை என்று தெரிந்தால் உடனே பிளேட் மாற்றச் சொல்லாதீர்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை வேகமாக மூன்று நான்கு முறை பம்ப் செய்து, அழுத்தியபடியே கியர் போடுங்கள். பம்ப் செய்த பிறகு விழுந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது மாஸ்டர் (பெடல் பக்கம்), ஸ்லேவ் (கிளட்ச் பக்கம்) சிலிண்டர்களில் வாஷர் போய்விட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கம்பியாலோ கேபிளாலோ இயங்கும் கிளட்ச் என்றால் பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்சில் பிடிப்பு தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிளே கூடினால் கிளட்ச் பிரியாது, பிளே இல்லாமலே போனால் நழுவும்.

பல மாதம் நின்ற வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போர்த்தி வைத்த வண்டிகளுக்கு இது சகஜம். பெடல் சாதாரணமாகத்தான் இறங்கும், கியர் மட்டும் விழாது. இதை விடுவிக்க அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மைதானத்தில், இன்ஜினைச் சூடாக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டு வாசலில் வேண்டாம்.

நழுவலைச் சோதிக்க மேடு வேண்டும். சென்னை தட்டையான ஊர், மேம்பாலம்தான் நமக்கு மேடு. ஞாயிறு விடியலில், பின்னால் வண்டி வராதபோது, ஜெமினி மேம்பாலத்தில் நான்காவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறத் தொடங்கி ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி அதே வேகத்தில் போனால் கிளட்ச் நழுவுகிறது. நம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் டாக்கோமீட்டர் கிடையாது, காதைத்தான் நம்ப வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

நழுவுகிறது என்றால் பிளேட் தேய்ந்ததா, ஆயில் பட்டதா என்று கேட்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்ச் கூட்டின் அடியில் சிறு துளை இருக்கும். அங்கே விரலை வைத்து முகர்ந்து பாருங்கள். கறுப்பாக, இளகலாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எந்த சீல் கசிகிறது என்று தெரியாமல் புதுப் பிளேட் போட்டால் சில மாதத்தில் அதுவும் ஊறிவிடும்.

ஓட்டிக் கேட்பது

இப்போது சாலைக்கு வரலாம். ஈசிஆரில் உத்தண்டி தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகும் நீளமான சாலை, விடியற்காலையில், இதற்கு நல்ல இடம். கண்ணாடியை இறக்கி விடுங்கள். பாட்டு வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதட்டும். ஓட்டுகிறவர் எழுதக் கூடாது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இது எதோடு சேர்ந்து மாறுகிறது? இன்ஜின் சுற்றோடா, வண்டியின் வேகத்தோடா, ஆக்சிலரேட்டர் அழுத்தத்தோடா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் நான்காவது கியரில் நடுக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 50-ல் மூன்றாவது கியருக்கு வாருங்கள். இன்ஜின் சுற்று கூடிவிட்டது, வண்டி வேகம் அதேதான். நடுக்கம் மாறாமல் இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால்: நீளத் தண்டு, சக்கரம், டயர். நடுக்கம் மறைந்தாலோ தன்மை மாறினாலோ அது இன்ஜின், கிளட்ச் பக்கம். உறுதிப்படுத்த அதே வேகத்தில் நியூட்ரலுக்கு வந்து உருள விடுங்கள். எக்காரணம் கொண்டும் ஓடும்போது இன்ஜினை அணைக்காதீர்கள்.

நீளத் தண்டின் நடுக்கத்துக்கும் சக்கரத்தின் நடுக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. தண்டு சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சுழல்கிறது. அதனால் அதன் நடுக்கம் சீட்டுக்கு அடியில் துடிதுடிப்பாக, வேகமாக இருக்கும். சக்கரத்தின் ஆட்டம் நிதானமாக இருக்கும், முன்சக்கரமானால் ஸ்டியரிங்கில் தெரியும்.

கியர் ஒவ்வொன்றாக

இரண்டாவது கியரில் தொடங்குங்கள். சிங்க்ரோவில் முதலில் தேய்வது பெரும்பாலும் அதுதான். மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கும்போது 'கிறீச்' என்கிறதா? அதே இறக்கத்தை இரட்டைக் கிளட்ச் போட்டுச் செய்யுங்கள். இப்போது சத்தமில்லாமல் விழுந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது, கிளட்ச் சரி. இரட்டைக் கிளட்சிலும் அரைத்தால் கிளட்ச் பிரியவில்லை; முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். தேய்ந்த சிங்க்ரோவோடு பல வருடம் நிம்மதியாக ஓட்டலாம், கை பழகினால் போதும். அதற்காக மட்டும் பெட்டியை இறக்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பிறகு ஒவ்வொரு கியரிலும் நன்றாக ரேஸ் கொடுத்து, சட்டென்று விடுங்கள். விடும்போது கியர் கம்பு துள்ளுகிறதா, வெளியே வருகிறதா? கம்பை லேசாகத் தொட்டபடி இருந்தால் கை சொல்லிவிடும். மவுன்டிங்கும் இணைப்புக் கம்பியும் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும் தொடர்ந்து வெளியே வந்தால் உள்ளே அந்தக் கியரின் பூட்டுப் பல் மழுங்கியிருக்கலாம், அல்லது ஃபோர்க்கின் தண்டைப் பிடித்து நிறுத்தும் சிறு குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சில பெட்டிகளில் இந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் வெளியிலிருந்தே ஒரு போல்ட்டைக் கழற்றி எடுக்க முடியும். அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஊளைச் சத்தத்துக்கு இப்படிக் கணக்கு: நியூட்ரலிலும், முதல் மூன்று கியர்களிலும் வந்து நான்கில் குறைந்தால் துணைத் தண்டு. ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த ஜோடிப் பல். நான்கு கியரிலும் ஒரே மாதிரி, வண்டி வேகத்தோடு ஏறி இறங்கினால் பிரதான தண்டின் பின் பேரிங்கோ, அதற்கும் பின்னால் உள்ளவையோ. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கொஞ்சம் ஊளை எல்லாப் பழைய பெட்டியிலும் உண்டு. நேர்ப்பல் சக்கரங்கள் அப்படித்தான் பாடும்.

இதையெல்லாம் வண்டி சூடாகும் முன் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறையும் கேளுங்கள். கத்திரி வெயிலில் ஆயில் இளகும்போது, காலையில் இல்லாத பேரிங் சத்தம் மதியம் தலைகாட்டும்.

பின்பக்கம்

நடை வேகத்தில், இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் போங்கள். ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று அடித்தால் எங்கோ பிளே கூடியிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க அடியில் படுக்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு, இரண்டும் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். நம் தெருவோர மணலில் ஜாக்கி புதையும், கீழே அகலமான பலகை போடுங்கள்.

வண்டியைக் கியரில் போட்டு, கை பிரேக்கை விடுவித்து, நீளத் தண்டை இரு கையாலும் முன்னும் பின்னும் திருப்புங்கள். கிராஸ் ஜாயின்டின் இரு பக்கமும் சேர்ந்து திரும்பினால் நல்லது. ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதித்தால் கிராஸ் போய்விட்டது. கிண்ணங்களைச் சுற்றிச் செந்நிறத் தூள் தெரிந்தால் கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் துருப்பிடித்திருக்கின்றன. மெதுவாகப் போகும்போது 'கிச் கிச்' என்று குருவிச் சத்தம் வருவதும் இதனால்தான். தண்டு இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் தாங்கும் ரப்பரையும் பேரிங்கையும் தட்டிப் பாருங்கள்.

கிராஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் நியூட்ரலில் தண்டு நிறையத் திரும்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது என்றால் பிளே கிரவுன் பினியனிலோ ஆக்ஸில் ஸ்ப்லைனிலோ (தண்டு பூட்டும் நீளவாட்டு வரிப்பற்கள்). சிறிதளவு பிளே அங்கே இருந்தே ஆக வேண்டும், பூஜ்யம் என்பது கிடையாது. அம்பாசடர் மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டியில் அதற்கு முன் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யு போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அவை தளர்ந்தால் ஆக்ஸில் முழுதுமே நகர்ந்து 'டொக்' என்கும், பழி கிரவுனுக்குப் போகும். ஹெரால்டின் அமைப்பு வேறு. அதில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பூட்டியிருக்கும், இரு பக்கமும் தனித்தனி ஆக்ஸில் தண்டுகள் கிராஸ் ஜாயின்டோடு இருக்கும். ஆகவே அங்கே டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்களையும், அந்த இரண்டு கிராஸ்களையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஊளையை மூன்று நிலையில் கேளுங்கள்: இழுக்கும்போது, விடும்போது, இரண்டும் இல்லாமல் வேகத்தைச் சீராக வைத்திருக்கும்போது. இழுக்கும்போது மட்டும் வந்தால் கிரவுன் பினியன் பற்களின் முன்பக்கத் தேய்மானம். விடும்போது மட்டும் வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு. மூன்றிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வாங்கப் போகும் வண்டியில் இந்தச் சத்தம் வியப்பூட்டும் அளவுக்கு அடங்கியிருந்தால், ஹவுசிங் அடைப்பைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். சத்தத்தை மறைக்க கிரீஸ் கலந்து வைப்பவர்கள் உண்டு.

சக்கர பேரிங்கை டிஃபரன்ஷியலிலிருந்து பிரித்தறிய நீளமான வளைவு வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுப்பாதைகளைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை, அதுவும் ஞாயிறு அதிகாலை. இடப்பக்க வளைவில் சுமை வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. வளைவில் உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம், குறைந்தால் இடப்பக்கம். வளைவுகளில் மட்டும் 'டக் டக்' என்றால் டிஃபரன்ஷியலின் உள் சிறு பல்சக்கரங்கள். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது வெறும் டயர், காசு மிச்சம்.

மழைக்காலம்

சென்னையில் இதற்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் தேங்கிய மழைநீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சக்கரத்தின் நடு உயரத்துக்குத் தண்ணீரில் ஓட்டியிருந்தால், வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். மறுநாள் காலை வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே கலந்துவிட்ட ஆயில் பால் சேர்த்த காபி மாதிரி இருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் கொட்டி மறுபடி ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கும் இதே வைத்தியம்தான். தள்ளிப்போட்டால் பேரிங்கில் துரு ஏறும், அடுத்த கோடையில் ஊளை கேட்கும்.

மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால் வேறொரு தொல்லை: சூட்டில் உள் அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாக பிரேக் டிரம்முக்குள் இறங்கும். மழை முடிந்ததும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்வது

இத்தனையும் செய்த பிறகு உங்கள் நோட்டில் சில வரிகள் இருக்கும். அவற்றை அப்படியே சொல்லுங்கள். "மாஸ்டர், கியர்பாக்ஸ் பாருங்க" என்று சொல்லாதீர்கள். "மாஸ்டர், நியூட்ரல்லயே சத்தம் வருது, கிளட்ச் மிதிச்சா நின்னுடுது. மூணுல இருக்கு, நாலுல இல்ல. ஆயில் ஃபுல்லா இருக்கு, மவுன்டிங் புதுசு" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் நிமிர்ந்து பார்ப்பார். உங்களை உட்கார வைத்துக்கொண்டு வண்டியை அவரே ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிப் பார்க்காமலே "இறக்கிடலாம்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியோ தண்டோ இறங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கழற்றும் முன் நீளத் தண்டின் இரு முனையிலும், அது பூட்டும் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு துண்டுத் தண்டு என்றால் நடு ஸ்ப்லைனிலும் ஒரு கோடு. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போனாலும் கிராஸ்களின் கோணம் மாறி, இல்லாத நடுக்கம் புதிதாக வந்து சேரும்.

சாமான் வாங்க புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ போகும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் பல வருட மாடல்கள் உண்டு. கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்ப்லைன் எண்ணிக்கை, வெளி விட்டம், பேரிங்கின் மேல் பொறித்த எண், கிராஸின் கிண்ண விட்டம், இவற்றைக் கடையிலேயே ஒப்பிட்டுவிடுங்கள். பேரிங்குக்கு நிறுவன எண் இருந்தால் கார் சாமான் கடையைவிடப் பேரிங் கடையில் நல்ல சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய கிரவுன் பினியன் வாங்கினால் இரண்டும் ஒரே ஜோடிதானா என்று அவற்றில் வெட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். வேறு வேறு ஜோடியைச் சேர்த்தால் எந்த ஆயிலும் அந்த ஊளையை அடக்காது.

வேலை முடிந்து வண்டி வந்ததும், முதலில் எழுதிய அதே வரிசையில், அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். புது கிளட்ச் பிளேட் படிய கொஞ்ச நாள் ஆகும், அதுவரை மேம்பாலத்தில் அதட்டாதீர்கள். பிரித்துச் சேர்த்த பெட்டியின் ஆயிலைச் சுமார் 500 கிலோமீட்டரில் வடித்து, அதே வெள்ளைத் துணியில் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.